அகதி என்ற சொல்லும் நமது மௌனமும்

நான் ஒரு கிராமத்துப் பாடசாலை ஆசிரியன். ஆய்வாளனும் அல்லன், சட்டத்தரணியும் அல்லன். ஆயினும் ஒரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படும் ஒரு சொல் அந்தப் பிள்ளையை என்ன செய்யும் என்பதை இரண்டு பக்கத்திலும் நின்று அறிந்தவன். அந்தச் சொல் என் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. பின்னாளில் இன்னொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் நானே அதுபோன்ற ஒரு சொல்லை எழுதினேன். இந்தத் தகுதியில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2025 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 35ஆவது ஆண்டை ஒட்டி எழுதுபவர்களும் வாசிப்பவர்களுமாகச் சிலர் கூடியிருந்தோம். கவிதை வாசித்தோம், அழுதோம். கடைசியில் பேசக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் முல்லைத்தீவில் கரையொதுங்கிய ரோஹிங்யாப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். நான் மிகவும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் இடைமறித்தார். "மாஸ்டர், அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீங்க. நாங்க இந்த நாட்டுப் பிரஜைகள். அவங்க சட்டவிரோதமா வந்தவங்க. அவங்கட கதையைத் தூக்கினா எங்கட கதை அடிபட்டுப் போகும்." சபையில் பலர் தலையசைத்தார்கள். அன்று நான் பதில் சொல்லவில்லை. இதுதான் என் பதில்.

1

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்தபோது எனக்கு வயது பத்து. ஒலிபெருக்கி அறிவிப்பு, ஜின்னா மைதானம், உம்மாவின் காதிலிருந்து கழற்றப்பட்ட தோடு, இவையெல்லாம் நம் பக்கங்களில் பலமுறை எழுதப்பட்டவை. நான் சொல்ல விரும்புவது அதற்குப் பிறகு நடந்ததை.

புத்தளம் எங்களை ஏற்றது. அதை மறந்தவன் நன்றி கெட்டவன். தில்லையடியில் எங்களுக்கு முதல் சோறு போட்ட வீட்டார் எங்களிலும் வசதி குறைந்தவர்கள். பிறகு எங்களுக்கு நிவாரண அட்டை வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபாய் பெறுமதியான உலருணவு. எங்கள் வீட்டில் ஏழு பேர். ஐந்துக்கு மேல் கணக்கில்லை. அட்டையில் இல்லாத அந்த இரண்டு பேர் யார் என்று நானும் தம்பியும் சண்டை பிடிப்போம்.

நான் சேர்ந்த பாடசாலையில் எங்களுக்கு மாலை நேர வகுப்பு. காலையில் ஊர்ப் பிள்ளைகள் இருந்த அதே வாங்குகளில் மதியத்துக்குப் பிறகு நாங்கள். இடாப்பில் எங்கள் பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஓர் 'அ'. வகுப்பாசிரியை நல்லவர், ஒருநாளும் கைநீட்டியதில்லை. தொண்டு நிறுவனம் கொப்பி கொண்டுவந்தால் மட்டும் "அகதிப் பிள்ளைகள் எழும்புங்கோ" என்பார். எழும்புவோம். கொப்பி கிடைக்கும். ஒருநாள் எனக்கு என்ன நேர்ந்ததோ, எழும்பவில்லை. அன்று எனக்குக் கொப்பி இல்லை. ஆசிரியை காரணம் கேட்கவும் இல்லை. எழும்பாதவன் அகதி இல்லை, அகதி இல்லாதவனுக்குக் கொப்பி இல்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வகைப்படுத்தல் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தக் கொப்பி எனக்குக் கற்றுத் தந்தது. உதவியும் அவமானமும் ஒரே சொல்லில் கட்டப்பட்டு வருகின்றன. ஒன்றை எடுத்து மற்றதை விட முடியாது. உதவி வேண்டுமானால் நீ அந்தச் சொல்லாக எழுந்து நிற்க வேண்டும். பத்து வருடம் அப்படி எழுந்து நிற்கும் பிள்ளைக்கு, பிறகு உட்காருவதே மறந்துபோகும்.

என் கடைசித் தங்கை 1993 இல் ஓலைக் கொட்டிலில் பிறந்தவள். அவள் எங்கிருந்தும் வெளியேற்றப்படவில்லை. யாழ்ப்பாணத்தைக் கண்டதே இல்லை. ஆனாலும் பாடசாலையில் அவளும் அகதிப் பிள்ளை. கண் நிறம் வாப்பாவிடமிருந்து வந்ததுபோல் அந்தச் சொல்லும் வந்தது. போர் முடிந்து நாங்கள் திரும்பியபோது அவளுக்குத் திருமணமாகியிருந்தது. மீள்குடியேற்றப் பதிவுக்குப் போனால், "1990 இல் நீங்கள் இங்கே இருக்கவில்லையே" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். பிறக்காத பிள்ளை எப்படி இருக்கும்? அவளை 'உப குடும்பம்' என்று எழுதினார்கள். காணி இல்லை, வீட்டுத்திட்டத்தில் முன்னுரிமையும் இல்லை. புத்தளத்தில் அவள் யாழ்ப்பாணத்தாள், யாழ்ப்பாணத்தில் புத்தளத்தாள்.

பெரியவர்களுக்கு நடந்ததும் இதே மாதிரிதான். போரின் முடிவில் இடம்பெயர்ந்தோர் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் 'பழையவர்கள்', அதற்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் 'புதியவர்கள்'. வன்னியிலிருந்து முட்கம்பிக்குள் கொண்டுவரப்பட்ட மக்களின் அவலம் அவசரமானது, அதில் ஐயமில்லை. ஆனால் 'பழைய' என்ற ஒரு சொல் 18 வருட முகாம் வாழ்வைத் தீர்ந்துபோன விடயமாக்கிவிட்டது. நிதி 'புதிய' என்ற சொல்லுக்கு வந்தது, நாங்கள் வரிசையின் கடைசிக்குப் போனோம். அப்போது நாம் எவ்வளவு எழுதினோம், எவ்வளவு கோபப்பட்டோம்! "மனிதத் துயருக்குத் திகதி முத்திரை குத்தலாமா" என்று கேட்டவர்கள் நாம்.

2

இன்று நான் படிப்பிக்கும் கிராமம் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. என் மாணவர்கள் இந்து, கிறிஸ்தவத் தமிழ்ப் பிள்ளைகள். நாங்கள் வெளியேற்றப்பட்ட அதே 1990 இல்தான் இவர்களுடைய பாட்டன், பாட்டிமாரும் இராணுவ உயர் பாதுகாப்பு வலயத்துக்காகத் தங்கள் காணிகளை விட்டுப் போனார்கள். பலர் 25 வருடங்களுக்கு மேல் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் இருந்தார்கள். அந்த முகாம்களின் பெயர் 'நலன்புரி நிலையம்'. நலன் எங்கே புரிந்தது என்று இன்றும் என் மாணவர்களின் தாய்மார் சிரித்துக்கொண்டு கேட்பார்கள். அவர்களும் பாடசாலையில் 'முகாம் பிள்ளைகளாக' இருந்தவர்களே. முதல் வருடம் இந்த முஸ்லிம் சேரை ஐயத்தோடு பார்த்த அவர்கள், நானும் முகாமில் வளர்ந்தவன் என்று அறிந்த பிறகுதான் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீர் தந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் ஏழாம் வகுப்பில் சேர வந்தான். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவன், தாயோடு ஊர் திரும்பியவன். கையில் இந்தியப் பிறப்புச் சான்றிதழ். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் இலங்கைப் பிரஜையாகப் பதிய வேண்டும் என்பது நம் பிரஜாவுரிமைச் சட்டம். பிந்தினால் விளக்கம், தண்டப்பணம், அலைச்சல். இந்தியச் சட்டமோ அவனைத் தன் பிரஜையாகக் கணக்கெடுக்கவில்லை. அங்கே 1987 ஜூலைக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசெம்பருக்குப் பிறகு அந்த விதி இன்னும் இறுகியது. ஆக அவன் அங்கே இலங்கையன், இங்கே பத்திரம் இல்லாதவன்.

அவனைச் சேர்த்துக்கொண்டோம். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். என் கையால், சிவப்பு மையில். பத்திரம் வரும்வரைதானே என்று நினைத்தேன். மூன்று வருடம் அவன் தற்காலிகமாக இருந்தான். விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் அனுப்பும்போதும் புலமைப்பரிசில் பட்டியல் தயாரிக்கும்போதும் அந்தச் சொல்லைக் கண்டு அவன் பெயரைத் தள்ளி வைத்தவன் வேறு யாருமல்லன், நானே. சக மாணவர்கள் அவனை 'இந்தியா' என்று கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்பில் வருவதை நிறுத்தினான். தேடிப் போனேன். மேசன் வேலைக்குப் போயிருந்தான். "அடையாள அட்டைக்குப் போட்டாலும் கிடைக்காது சேர், பிறகென்னத்துக்கு" என்றான். நான் எழுதிய ஒரு சொல்லை அவன் தன்னைப் பற்றிய முழு உண்மையாக எடுத்துக்கொண்டிருந்தான்.

சட்டம் தெரியாதவனாக இருந்ததற்காக அல்ல, என் சொந்தக் கொப்பியை மறந்துபோனதற்காகவே அன்று வெட்கப்பட்டேன்.

3

இனி அந்த மூத்தவரின் சொல்லுக்கு வருகிறேன். 'சட்டவிரோதமாக வந்தவர்கள்.'

2017 ஏப்ரல் இறுதியில் காங்கேசன்துறைக் கடலில் கடற்படை ஒரு படகை மறித்தது. அதில் 30 ரோஹிங்யாக்கள், பாதிக்கு மேல் சிறுவர்கள். செப்டெம்பர் 26 அன்று கல்கிசையில் அவர்கள் தங்கியிருந்த வீட்டைப் பிக்குகள் தலைமையில் ஒரு கும்பல் சூழ்ந்து, 'பயங்கரவாதிகள்' என்று கூச்சலிட்டது. 2022 டிசெம்பரில் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் தத்தளித்த நூற்றுக்கும் அதிகமானோர் மீட்கப்பட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அது என் பாடசாலையிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரம். 2024 டிசெம்பர் 19 அன்று முள்ளிவாய்க்காலில் இன்னொரு படகு, அதிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர், அவர்களில் ஏறத்தாழ 25 பேர் சிறுவர்கள். அவர்களுக்கு முதலில் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தவர்கள் முள்ளிவாய்க்கால் மீனவர்கள். 2009 இல் அந்தக் கரையில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்த மக்கள் பத்திரம் கேட்கவில்லை. படகிலிருந்த 12 பேரைப் படகோட்டிகள் என்று பிரித்துச் சிறைப்படுத்தினார்கள். மற்றவர்கள் கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குப் போனார்கள். திருப்பி அனுப்பும் பேச்சு அடிபட்டபோது, 2025 ஜனவரியில் முல்லைத்தீவு மக்கள் அதை எதிர்த்து வீதியில் நின்றார்கள்.

நம் சங்கங்கள் உடுப்பும் சாப்பாடும் கொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால் நம் எழுத்து எங்கே நின்றது?

இந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை பெயர்கள் என்று பாருங்கள். மியன்மாரின் 1982ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ரோஹிங்யாக்களுக்கு இடம் வைக்கவில்லை. அவர்கள் 'வங்காளிகள்' என்கிறது அந்நாடு. 2017 ஓகஸ்ட்டில் தொடங்கிய படுகொலைகளுக்குத் தப்பி ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். பங்களாதேஷ் அவர்களுக்கு வைத்த பெயர் 'வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்ட மியன்மார் பிரஜைகள்'. அகதி என்ற சொல் கவனமாகத் தவிர்க்கப்பட்டிருக்கிறது, ஏனெனில் அந்தச் சொல்லோடு சில உரிமைகளும் வந்துவிடும். மியன்மார் பிரஜையில்லை என்று சொன்னவனைப் பங்களாதேஷ் மியன்மார் பிரஜை என்கிறது. இரண்டு பெயர்களுக்கும் நடுவில் ஒரு பிள்ளை பாடசாலை இல்லாமல் வளர்கிறது. பிறகு அது படகில் ஏறுகிறது. நம் கரைக்கு வரும்போது அதற்கு மூன்றாவது பெயர் வைக்கிறோம், 'சட்டவிரோதக் குடியேறி'.

எந்தச் சட்டத்துக்கு விரோதம்? இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கைச்சாத்திடவில்லை. ஆகவே புகலிடம் கேட்டு வருபவருக்கு நம் சட்டப் புத்தகத்தில் தனியாக ஒரு பெயர் கிடையாது. இருப்பது 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் மட்டுமே. அதற்கு உயிர் தப்பி வந்த பிள்ளையும் ஒன்றுதான், வீசா முடிந்த உல்லாசப் பயணியும் ஒன்றுதான். அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகரகம் வேறொரு நாடு ஏற்கும்வரை அவர்களைப் பார்த்துக்கொள்ளும் என்பது நெடுங்கால ஏற்பாடு. சட்டபூர்வமாக வேலை செய்ய முடியாது. அரச பாடசாலையில் இடம் கேட்பதற்கு உரிமையும் இல்லை. 2023 இன் இறுதியில் அந்த நிறுவனம் இங்கே தன் பணிகளைச் சுருக்கி உதவித்தொகையை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, ரோஹிங்யாக் குடும்பங்கள் கொழும்பில் வந்து நின்று கேட்டது ஒன்றைத்தான்: இனி நாங்கள் எப்படி வாழ்வது?

சட்டம் வந்தவனை மட்டும் பிடிப்பதுமில்லை. 2025 மே மாதம் தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஊர் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலியில் கைதுசெய்தார்கள். பல வருடங்களுக்கு முன் போருக்குப் பயந்து உரிய துறைமுகம் வழியாகப் போகாததே அவர் குற்றம். உயிருக்கு ஓடியவன் கடவுச்சீட்டில் முத்திரை குத்திவிட்டு ஓடியிருக்க வேண்டுமாம். நம்மில் எத்தனை பேர் சங்குப்பிட்டியையும் கிளாலியையும் முத்திரையோடு கடந்தோம்?

எம்மவர் போன தேசங்களிலும் இதே கதைதான். அவுஸ்திரேலியாவின் பிலோயெலா என்ற சிற்றூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள். படகில் வந்தவர்கள் பெற்றோர். ஆனால் அந்நாட்டுச் சட்டம் அப்படிப் பிறந்த பிள்ளைகளையும் 'அனுமதியின்றிக் கடல்வழி வந்தோர்' என்ற வகைக்குள் போட்டது. 2018 இல் விடியற்காலையில் அந்த வீட்டுக் கதவைத் தட்டியவர்களின் கையில் இருந்தது அந்த வகைதான். ஊர் மக்கள் வருடக்கணக்கில் போராடி 2022 இல் அக்குடும்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். படகில் ஏறாத அந்தப் பிள்ளையும் வெளியேற்றப்படாத என் தங்கையும் ஒரே வகுப்பு.

4

சட்டம் மட்டும் குற்றவாளி என்று தப்பிக்க நான் விடமாட்டேன். நாமும் வகை பிரிக்கிறோம்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் நூற்றுக்கணக்கில் துரத்தப்பட்டார்கள். பிள்ளைகளோடு பொலிஸ் நிலையத்திலும் பள்ளிவாசலிலும் படுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அஹ்மதியாக்கள். தம் நாட்டில் முஸ்லிம்கள் அல்லர் என்று சட்டத்தால் எழுதப்பட்டதால் ஓடி வந்தவர்கள். இங்கே முஸ்லிம்கள் என்பதால் துரத்தப்பட்டார்கள். அந்த நாட்களில் நம்மவர் பலர் சொன்னதை என் காதால் கேட்டேன்: "அவங்க எங்கட ஆக்கள் இல்லையே." கொள்கை வேறுபாட்டை நான் மறுக்கவில்லை, அதற்கு வேறு இடம் இருக்கிறது. ஆனால் பொலிஸ் நிலையத் தரையில் படுத்திருந்த எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாய் கொடுப்பதற்கு முன் அகீதா விசாரிக்க வேண்டுமா? இந்த விசாரணையை 1990 இல் புத்தளத்தார் நம்மிடம் செய்திருந்தால்?

நாம் பெருமையோடு நம்மை முஹாஜிர் என்று எழுதிக்கொள்கிறோம். மதீனாவில் அந்தச் சொல் தனியாக நிற்கவில்லை. வந்தவருக்கு முஹாஜிர் என்று பெயர் இருந்தது போலவே, ஏற்றவருக்கு அன்ஸார் என்ற பெயரும் இருந்தது. நமக்கு முதல் பெயர் வேண்டும், இரண்டாவது பெயர் வேண்டாம் என்பது நியாயமா? மதீனாவுக்கும் முன்னால், முதல் புகலிடம் கொடுத்தவர் ஹபஷாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி என்பதையாவது நாம் மறக்கக்கூடாது.

இனி "எங்கட கதை அடிபட்டுப் போகும்" என்ற அச்சம். இது வெறும் சுயநலம் என்று தள்ளமாட்டேன். 35 வருடம் கேட்க ஆளில்லாமல் இருந்தவனின் அச்சம் அது. ஆனால் அது நம்மிடமிருந்து பிறந்த அச்சமல்ல, வரிசை நமக்குக் கற்றுக்கொடுத்த அச்சம். 'பழையவர்' என்றும் 'புதியவர்' என்றும் பிரித்தபோது, அடுத்தவனின் துயரம் என் பங்கைக் குறைக்கும் என்று எங்களை நம்ப வைத்தார்கள். அந்தக் கணக்கையே இன்று நாம் ரோஹிங்யாப் பிள்ளையின் மேல் போடுகிறோம். நம் கதையின் வலிமை நாம் பிரஜைகள் என்பதிலா இருக்கிறது? பிரஜைகளாக இருந்தும் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் போயிற்றே! எந்தப் பெயரைச் சொல்லியும் ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து இறக்கக்கூடாது என்பதுதான் நம் கதை. அதை நமக்கு மட்டும் என்று சுருக்கினால் அது வெறும் காணி வழக்காகிவிடும்.

செய்யக்கூடியது என்ன? இலங்கை அகதிகள் சமவாயத்தை ஏற்கவில்லை, சரி. ஆனால் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991 இல் ஏற்றிருக்கிறது. அந்தச் சமவாயம் பிரஜையின் பிள்ளை என்று சொல்லவில்லை. நாட்டின் ஆளுகைக்குள் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் என்கிறது. அகதிப் பிள்ளைக்கென்று தனி உறுப்புரையும் உண்டு, கல்விக்கென்றும் உண்டு. ஆகவே காங்கேசன்துறையில் இறங்கிய பிள்ளைக்கு நம் சட்டத்தின்படி இரண்டு பெயர்கள் பொருந்தும். ஒன்று சட்டவிரோதக் குடியேறி, மற்றது சிறுவர். எந்தப் பெயரை முதலில் எடுப்பது என்பது நம் தெரிவு. பள்ளிவாசல் நிர்வாகங்களும் அதிபர்களும் பெற்றோர் சங்கங்களும் இரண்டாவது பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒரு வாங்கு கிடைக்காதா? ஒரு வாங்கில் நான்கு பேர் இருந்து படித்தவர்கள்தானே நாம்.

எழுதுகிறவர்களுக்கு இன்னும் எளிதான வேலை ஒன்று இருக்கிறது. ஊடுருவியோர், சட்டவிரோதக் குடியேறிகள், கள்ளத்தோணி என்ற சொற்களை அலுவலகம் பாவிக்கட்டும், நாம் பாவிக்காமல் இருப்போம். கள்ளத்தோணி என்ற சொல் மலையகத் தமிழரைத் தலைமுறை தலைமுறையாக என்ன செய்தது என்று அறிந்த மொழி இது. அந்தச் சொல்லை இன்னொரு பிள்ளைக்குக் கைமாற்றும் உரிமை நமக்கு இல்லை.

என் மாணவன் இப்போது கொழும்பில் கட்டட வேலை செய்கிறான். அவனுடைய பிரஜாவுரிமைப் பத்திரம் கடைசியில் வந்து சேர்ந்தது, பாடசாலை வயது முடிந்த பிறகு. அந்த வருட இடாப்பு இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. 'தற்காலிகம்' என்ற சொல்லை வெட்டலாமா என்று யோசித்தேன். வெட்டவில்லை. என் கையெழுத்து அது, இருக்கட்டும். இவ்வருடம் புதிய இடாப்பு திறந்தபோது பெயர்களை மட்டும் எழுதினேன். விசேட குறிப்பு என்ற நிரலை நிரப்பச் சொல்லி வலய அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் வந்திருக்கிறது. இன்னும் பதில் அனுப்பவில்லை.